பலேர்மோ துறைமுகத்தில் ஒரு விடுமுறைத் திட்டம்

எங்கள் சித்தப்பாவுக்கு அறுபது வயது முடிகிறது. மண்டபம் எடுத்து, மாலை போட்டு, நூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்கும் மணிவிழாவெல்லாம் வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "அந்தக் காசில எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போவம்" என்றது சித்தி. எங்கே என்று கேட்டபோது ஜேர்மனியில் இருக்கும் நாங்களும் பலேர்மோவில் இருக்கும் அவர்களும் தொலைபேசியில் ஒரே குரலில் சொன்ன பதில்: "ஒரு தீவுக்கு." தென்னை நிற்கவேண்டும், தண்ணீர் சூடாக இருக்கவேண்டும், ஒருத்தரும் சமைக்கக்கூடாது. கடைசி நிபந்தனை சித்தியுடையது.

வேலையில் நான் செய்வதும் திட்டம் போடுவதுதான். அதனால் எக்செல் தாள் திறக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாலைதீவு, மொரீசியஸ், இலங்கை என்று மூன்று நிரல்கள் போட்டேன். விமானம், தங்குமிடம், காலநிலை, பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று வரிசைகள் போட்டேன். மிச்சத்தை நேரில் இருந்து பேசி முடிப்போம் என்று ஈஸ்டர் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பலேர்மோவுக்கு விமானம் ஏறினோம்.

"தீவில இருக்கிற ஆக்களோட சேர்ந்து தீவுக்குப் போகத் திட்டம் போடுறம், என்ன?" என்று விமானத்தில் மனைவி சிரித்தாள். உண்மைதான். சிசிலியே ஒரு பெரிய தீவு. பலேர்மோவின் பெயரே பழைய கிரேக்கத்தில் 'பனோர்மொஸ்', முழுவதும் துறைமுகம் என்று பொருள். நகரத்தின் எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் கடைசியில் ஒரு கப்பலின் முதுகு தெரிகிறது. நாப்போலிக்கு இரவுக் கப்பல், ஜெனோவாவுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும் கப்பல், சார்டினியாவுக்கு, துனிசியாவுக்கு என்று ஒன்று மாறி ஒன்று. இவற்றுக்கு நடுவில் பத்து மாடி ஹோட்டல் மாதிரி உல்லாசக் கப்பல்கள்.

பலேர்மோத் தமிழர்களைப் பற்றி நம் ஆட்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ என்றால் தெரியும். ஆனால் எண்பதுகளின் கடைசியிலிருந்தே நம் ஆட்கள் இங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். இன்று சில ஆயிரம் பேர். பெரும்பாலானோர் வீட்டு வேலை, முதியோரைப் பராமரிக்கும் வேலை. சித்தப்பாவும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேலாக இத்தாலியத் தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மருந்து கொடுத்து வழியனுப்பியிருக்கிறார்.

சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலைக்குப் போவா. துறைமுகத்துக்கு வடக்கே கடலுக்குள் இறங்கி நிற்கும் மலை அது. மேலே குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624இல் துனிசியாவிலிருந்து வந்த ஒரு கப்பலோடு பிளேக் நோயும் இந்தத் துறைமுகத்தில் இறங்கியது. அந்த வருடம் மலையில் கிடைத்த புனிதையின் எலும்புகளை அடுத்த வருடம் ஊர்வலமாக எடுத்துவந்த பிறகு நோய் அடங்கியது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. சித்தி சைவம். ஆனால் அவவுக்கு ரொசாலியா அம்மன்தான். நேர்த்தி வைத்து, வெறுங்காலோடு மலை ஏறி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவா. அவவோடு ஏறும் நம் ஆட்களில் பாதிப் பேர் இந்துக்கள். ஊர்க்காரர்களுக்கும் அது பழகிவிட்டது.

பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் சித்தி வீடு. பல்கனியில் இலை இல்லாத கொம்புகளோடு ஒரு மரம் தொட்டியில் நிற்கிறது. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு முட்டைக்கோது கவிழ்த்திருக்கிறது! என் சின்னவள் பார்த்துவிட்டு, "முட்டை மரம்!" என்று கத்தினாள். இங்கே 'பொமேலியா' என்கிறார்கள். பலேர்மோவின் அடையாளமே இந்தப் பூதான். குளிரில் மொட்டு கருகாமல் இருக்க முட்டைக்கோது போடுவது பலேர்மோக்காரரின் வழக்கம். கோடையில் பூத்தபிறகு பார்த்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும், நம் ஊரில் கோயில் வீதியில் உதிர்ந்து கிடக்கும் அதே வெள்ளை மஞ்சள் பூ. தமிழ் அகராதியில் இதற்கு 'ஈழத்தலரி' என்று ஒரு பெயர் இருக்கிறது.

அன்று இரவு மேசையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், பக்கத்தில் என் மடிக்கணினி. கூட்டம் ஆரம்பமானது.

மாலைதீவுக்குப் பிள்ளைகளின் வாக்கு முழுவதும் விழுந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், நீருக்கு மேல் வீடு, ஜன்னலுக்குக் கீழே மீன். ஆனால் தாளை நிரப்பியபோது நான் கண்டுபிடித்த விஷயங்கள் கொஞ்சம் வேறு. அங்கே ஒரு ரிசோர்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தனித் தீவு. விமானநிலையத்திலிருந்து வேகப்படகு அல்லது கடல்விமானம் பிடிக்கவேண்டும். கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் போய் இறங்கினால் அந்த இரவு மாலேயில்தான், அதற்கு வேறு செலவு. ஐரோப்பியப் பள்ளிகளின் கோடை விடுமுறை அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். மழை ஒவ்வொரு நாளும் பெய்யும் என்றில்லை. ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் வானத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. 2009க்குப் பிறகு அவற்றுக்கு அனுமதி கிடைத்தது.

மொரீசியஸுக்குத் தங்கச்சி, அதாவது சித்தியின் மகள், வாக்களித்தாள். அங்கே ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை என்றெல்லாம் வாதாடினாள். ஆனால் அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நமக்கு யூலை, ஓகஸ்ட் கோடை என்றால் அவர்களுக்கு அது குளிர்காலம். உறைய வைக்கும் குளிர் இல்லை, ஆனால் கடலில் இறங்கிக் கிடக்கும் காலமும் இல்லை.

இலங்கை நிரலுக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மற்ற இரண்டு நிரல்களிலும் 'கடற்கரை', 'படகுப் பயணம்', 'பிள்ளைகளுக்கு' என்று எழுதியிருந்தேன். இலங்கைக்குக் கீழே நான் எழுதியிருந்தது: 'பெரியம்மா வீடு, நல்லூர், காணிப் பத்திரம், பல் வைத்தியர், சாமான்.' அதை நான் விடுமுறையாக நினைக்கவே இல்லை. அது 'ஊருக்குப் போறது'. செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் போவது. சூட்கேசில் பாதி மற்றவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அது நுளம்பும், கன்னத்தைக் கிள்ளும் மாமிகளும். அவர்கள் ஏன் அதற்கு வாக்களிக்கப் போகிறார்கள்?

சித்தப்பா இவ்வளவு நேரமும் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கட அறுபதுக்குத்தான் சித்தப்பா எல்லாம். நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

"எனக்கென்ன தம்பி, பிள்ளையள் ஆசைப்படுற இடத்துக்குப் போவம். ஆனா உந்தப் படகு ஏறி இறங்குற வேலையள் மட்டும் வேண்டாம்" என்றுவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்து போனார்.

தீவுக்குப் போகவேண்டும், படகு ஏறக்கூடாது. நான் அதைப் பகிடி என்றே நினைத்தேன்.

அடுத்தநாள் காலையில் அவரோடு துறைமுகப் பக்கம் நடந்தேன். பிள்ளைகளும் வந்தார்கள். லா காலா என்ற பழைய துறைக்குப் பக்கத்தில் பியாத்சா மரீனா. அங்கே ஒரு பூங்காவில் 1860களிலிருந்து நிற்கும் ஒரு பெரிய மரம். ஆல் இனம்தான், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த வகை. விழுது இறக்கி, விழுதே அடிமரமாகி, ஒரு மரமே தோப்பாக நிற்கிறது. சித்தப்பாவுக்கு அங்கே ஒரு வழக்கமான வாங்கு உண்டு. பக்கத்து வண்டியில் 'பனெல்லே' வாங்கினோம். கடலைமாவைக் களியாகக் கிளறி, வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருவார்கள். நம் பஜ்ஜிக்குத் தூரத்து உறவு.

காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. "இண்டைக்கு மாஎஸ்த்ராலே. வடமேற்கால வருது. உஸ்திகாவுக்குப் போற படகு ஓடுமோ தெரியாது" என்றார் சித்தப்பா. பிறகு என் மூத்தவனுக்குக் காற்றுகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வடக்கிலிருந்து வருவது இங்கே திரமொந்தானா, எங்கட ஊரில வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து கச்சான். தெற்கிலிருந்து வருவது சோளகம். இங்கே ஆபிரிக்காப் பக்கமிருந்து மணலையும் சூட்டையும் கொண்டுவரும் சிரோக்கோவைத்தான் அதற்குக் கிட்டச் சொல்லலாம்.

"பலேர்மோ தாத்தா, உங்களுக்கு எப்பிடி இவ்வளவும் தெரியும்?" என்று கேட்டான் அவன்.

"நான் தீவில பிறந்தனான் அல்லோ."

"சிசிலியிலயா?"

"இல்லையடா. நெடுந்தீவில."

பதினொரு வயதுப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. தாத்தாவின் ஊர் யாழ்ப்பாணம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். வெளிநாட்டில் நாம் எல்லோரும் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறோம். அவர் ஒரு தீவுக்காரர், அந்தத் தீவுக்குப் பெயர் இருக்கிறது, அதை ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரால் டெல்ஃப்ட் என்று அழைத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

பிறகு கேள்விமேல் கேள்வி. சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்குமரம். புல்வெளியில் கேட்பாரற்றுத் திரியும் குதிரைகள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழி வந்தவை என்பார்கள். குதிரை என்றதும் சின்னவள் பனெல்லேயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப ஏன் அங்க போகேல்ல?" என்றாள்.

பிள்ளைகளைப் புறா பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம்தான் அவர் அதற்குப் பதில் சொன்னார். 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து காலையில் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்ற நாள். 30க்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளும் உட்பட. நம் தலைமுறை அதைக் கட்டுரைகளில் படித்திருக்கிறது. சித்தப்பாவுக்கு அப்போது இருபது வயது. பக்கத்து வளவு அக்கா ஒருத்தி அந்தப் படகில் போனவ. அவவைக் கொண்டுவந்தபோது இவர் இறங்குதுறையில் நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு இவர் தீவிலிருந்து வெளியேற ஒருமுறை படகு ஏறினார். அதுதான் கடைசி. தாய் தகப்பனும் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள். சமாதானம் வந்தபிறகு நான்குமுறை இலங்கைக்குப் போயிருக்கிறார். ஒருமுறை குறிகட்டுவான் வரைக்கும் பஸ்சில் போய், படகைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்சில் திரும்பி வந்திருக்கிறார். சித்திக்கே அது தெரியாது. கப்பல்கள் நிறைந்த இந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும், ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள உஸ்திகாவுக்குக்கூட அவர் போனதில்லை. நாப்போலிக்குப் போவதென்றாலும் ரயில்தான். ரயிலையே மெஸ்ஸினாவில் கப்பலுக்குள் ஏற்றித்தான் கடலைக் கடக்கிறார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவரே சிரித்துக்கொண்டு, "அது ரயில்தானே. நான் யன்னலைச் சாத்திப்போட்டுப் படுத்திடுவன்" என்றார்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள் காற்று அடங்கியது. பிள்ளைகளை உஸ்திகாவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. எரிமலைக் கல்லால் ஆன சின்னத் தீவு அது, எட்டுச் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முசோலினி காலத்தில் அரசியல் எதிரிகளைக் கொண்டுபோய் வைத்திருந்த இடம். 1986இல் அதைச் சுற்றியுள்ள கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள், அதனால் தண்ணீருக்குள் மீன்கள் நிறைய. 'அலிஸ்காபோ' என்ற வேகப்படகில் போகவேண்டும். சித்தப்பாவுக்கும் சேர்த்து ரிக்கெற் எடுத்தேன். கட்டாயப்படுத்தவில்லை, எடுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

அவரும் வந்தார். சித்தி கட்டித்தந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் எங்களோடு நின்றார். படகின் இயந்திரம் முழங்கத் தொடங்கியபோது பையை என் கையில் தந்தார். "நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். சின்னவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து அவளுடைய சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். நாங்கள் ஏறினோம்.

உஸ்திகாவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, வேறொரு நாள் எழுதுகிறேன். அன்று எனக்கு மனம் அங்கே இருக்கவில்லை. தேவையில்லாமல் ரிக்கெற் எடுத்து அவரைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது சித்தப்பா அதே இறங்குதுறையில் நின்றார். காலையிலிருந்து அங்கேயே நின்றாரா, வீட்டுக்குப் போய் வந்தாரா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் பார்த்த மீன்களின் கதையை எல்லாம் கேட்டு முடித்தபின், வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போது அவராகவே தொடங்கினார்.

"தம்பி, உன்ர தாளில இலங்கைக்கு என்ன மாதம் போட்டிருக்கிறாய்?"

"ஓகஸ்ட், சித்தப்பா. பள்ளிக்கூட லீவு அப்பதானே. யாழ்ப்பாணத்தில மழையும் இல்லை."

"மழை இல்லைத்தான். ஆனா சோளகம் அடிக்கும். எங்கட பக்கத்துக் கடல் அப்ப கரடுமுரடாக் கிடக்கும். பிள்ளையளைப் படகில ஏத்தக்கூடாது." கொஞ்சத் தூரம் நடந்தார். "பங்குனி, சித்திரையில போகவேணும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கச்சதீவுத் திருவிழாவை மாசி, பங்குனியில வைச்சது சும்மாவே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படியேறும்போதுதான் விளங்கியது. என் தாளில் இல்லாத ஒரு வரிசையை அவர் நிரப்பியிருந்தார். தானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எப்போது போகவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு பழைய தாளை மூடிவிட்டுப் புதிது திறந்தோம். ஓகஸ்ட் போய், அடுத்த வருட ஈஸ்டர் வந்தது. ஜேர்மனியில் எங்கள் மாநிலத்தில் இரண்டு கிழமை விடுமுறை. இத்தாலியில் சில நாட்கள்தான், ஆனால் தங்கச்சி வேலையில் லீவு எடுப்பதாகச் சொன்னாள். பலேர்மோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை, ரோமிலோ மிலானிலோ மாறவேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் போகமுன்பே அரசின் தளத்தில் அனுமதி எடுத்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டுமே, அதற்குத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் நான்கு நாள். அங்கிருந்து புறாத்தீவுக்குப் போனால் பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம். அந்த மாதத்தில் கிழக்குக் கடலும் அமைதி. பிறகு யாழ்ப்பாணம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் என்று சித்தி எச்சரித்தா, அதையும் குறித்துக்கொண்டேன்.

நெடுந்தீவுக்கு ஒரு நாள் போட்டிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாளை வெறுமையாக விட்டிருக்கிறோம். காலையில் குறிகட்டுவானுக்குப் போய், படகில் ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடலாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைக்கவேண்டும். நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோகவேண்டும். இதெல்லாம் சித்தப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. குமுதினி பழுதுபார்க்கப்பட்டுப் பிறகும் பல வருடம் அதே கடலில் ஓடியது என்பதையும் அவர்தான் சொன்னார்.

நீங்களும் இந்த வருடம் ஒரு தீவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களாக இருந்தால், என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். விலையைப் பார்க்கமுதல் காற்றையும் மழையையும் பாருங்கள். அதற்கும் முதல், வீட்டில் மூத்தவர்களைக் கூப்பிட்டு இருத்தி, நீங்கள் பிறந்த இடத்தில் கடல் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலிலேயே கேட்டிருந்தால் இந்த மூன்று நிரல் வேலை மிஞ்சியிருக்கும்.

சித்தப்பா குறிகட்டுவான் வரைக்கும் வருவது உறுதி. படகில் ஏறுவாரா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். தாளில் அவருக்கும் ஒரு இடம் போட்டிருக்கிறது. சின்னவள் மட்டும் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் குதிரைகளுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.